தனம்மாள் வீட்டு இசை

வீணை தனம்மாள் 1867-ல் சென்னை ஜார்ஜ் டவுனில் பிறந்தார். 1938 அக்டோபர் 15 அன்று மறைந்தார். தம் இசையைப் பற்றி அவர் நூல் எழுதவில்லை. அவர் வாசித்ததில் இன்று நேராகக் கேட்கக் கிடைப்பவை சில இசைத்தட்டுகள் மட்டுமே. ஆனால் அவர் எப்படி வாசித்தார், எதை ரசித்தார், எந்தப் பாட்டை எந்த நிதானத்தில் எடுத்தார் என்பதெல்லாம் அடுத்த இரண்டு தலைமுறைகளுக்கும் தெரிந்திருந்தன. பெற்ற மகள்களும் பேரப் பிள்ளைகளும் பாட்டாகவும் ஆட்டமாகவும் குழலாகவும் மிருதங்கமாகவும் அந்த நினைவைக் காப்பாற்றினார்கள். கர்நாடக இசை உலகில் "தனம்மாள் பாணி" என்று தனியாக ஒன்றைச் சொல்ல முடிவதற்கு அந்தக் குடும்பமே காரணம்.

இக்குடும்பத்தின் வேர் தஞ்சாவூர் அரண்மனையில் இருக்கிறது. முன்னோரான பாப்பம்மாள் மராட்டிய மன்னர்களின் அவையில் இருந்த கலைஞர். அவர் வழிவந்த காமாட்சி, தனம்மாளின் பாட்டி, நாட்டியத்தில் பேர்பெற்றவர். தாயார் சுந்தரம்மாள், சியாமா சாஸ்திரியின் மகனான சுப்பராய சாஸ்திரியிடம் பாட்டுக் கற்றவர். தஞ்சை அரசு முடிந்தபின் கலைஞர்கள் பலரும் சென்னைக்குக் குடிபெயர்ந்தார்கள். இவர்களும் அப்படி வந்தவர்கள்தான். ஆனாலும் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்ட "த" என்ற எழுத்தில் தஞ்சாவூர் தங்கிவிட்டது. த. பாலசரஸ்வதி, த. பிருந்தா, த. விஸ்வநாதன் என்று பேரப் பிள்ளைகள் அனைவரும் தகப்பன் பெயரின் முதலெழுத்தாக அல்லாமல் ஊரின் முதலெழுத்தாகவே அதைச் சுமந்தார்கள். தாய்வழியாகச் சொத்தும் கலையும் இறங்கிய மரபு அது.

தனம்மாளின் பாடங்கள் பல வாய்க்கால்கள் வழியாக வந்து சேர்ந்தவை. முத்துசுவாமி தீட்சிதரின் சீடர் சுத்தமத்தளம் தம்பியப்பன். அவருடைய சீடர் சாத்தனூர் பஞ்சநத ஐயர். அவரிடம் தனம்மாள் தீட்சிதர் கீர்த்தனைகளைக் கற்றார். சியாமா சாஸ்திரியின் உருப்படிகள் தாயார் வழியில் வந்தன. பதங்களை வாலாஜாபேட்டை பாலகிருஷ்ணதாஸிடம் பாடம் செய்தார். கண்பார்வை இல்லாத அந்த வித்வானுக்குப் "பதம் பால்தாஸ்" என்றே பெயர். ஜாவளிகள் இயற்றிய தருமபுரி சுப்பராயர் அந்த வீட்டுக்கு நெருங்கிய நண்பர். ஆக, இயற்றியவர்களிடமிருந்து ஓரிரு கை மட்டுமே தள்ளி நின்று கற்ற பாடங்கள் இவை. பாட்டு உருமாறாமல் வந்ததற்கு இந்த அருகாமை முக்கியமான காரணம்.

ஜார்ஜ் டவுன் ராமகிருஷ்ண செட்டித் தெருவில் இருந்த வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் தனம்மாள் வீணை வாசிப்பார். அதற்கு நுழைவுச்சீட்டோ மேடையோ இல்லை. வித்வான்களும் தேர்ந்த ரசிகர்களும் வந்து தரையில் உட்கார்ந்து கேட்பார்கள். அங்கே பேச்சு கூடாது, சத்தமாகச் சிலாகிக்கவும் கூடாது. இந்தக் கண்டிப்பை அகந்தை என்று எடுத்துக்கொள்வது தவறு. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், அவர் வீணையிலிருந்து எழுந்த நாதம் மிக மெல்லியது. பலர் விரல்களில் கம்பிச் சுருள் மாட்டிக்கொண்டு மீட்டுவார்கள். தனம்மாள் வெறும் விரலால் மீட்டினார். அதனால் மீட்டும் ஓசை கேட்காமல் ஸ்வரம் மட்டும் கேட்டது. ஒரு மீட்டில் பிறந்த நாதம் அடங்குவதற்குள் இடக்கை தந்தியை இழுத்து அடுத்தடுத்த ஸ்வரங்களைத் தொட்டுவிடும். வாசித்துக்கொண்டே கூடவே பாடவும் செய்வார். அந்த நுட்பம் காதில் விழவேண்டுமானால் அறை அமைதியாக இருந்தாக வேண்டும். இந்துஸ்தானி இசை மேதை அப்துல் கரீம் கானும் அவர் வீணையைக் கேட்டுப் போற்றியவர்களில் ஒருவர்.

அந்த வீட்டுக்கே உரிய செல்வம் பதங்கள். பதினேழாம் நூற்றாண்டில் தெலுங்கில் பதங்கள் இயற்றிய க்ஷேத்ரய்யாவின் பாடல்கள் அவற்றுள் தலையாயவை. காதலில் பிரிவும் ஊடலும் ஏக்கமும் ஒரு பெண்ணின் வாய்மொழியாக வருபவை. பதம் மிக விளம்பமாகப் பாடப்படும். ராகத்தை விரித்து ஆலாபனை செய்வதற்கோ கற்பனை ஸ்வரம் போடுவதற்கோ அதில் இடமில்லை. ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் வரும் அசைவிலேயே ராகம் முழுவதும் நிற்க வேண்டும். ஸ்வரப்படுத்தி எழுதினால் கால்வாசிதான் தாளில் வரும். மீதி, பாடுபவர் எதிரில் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் கேட்டால்தான் வரும். ஜாவளியோ துள்ளலும் குறும்பும் உடையது. இரண்டையும் ஒரே வீட்டில் காதால் கேட்டு வளர்ந்த குழந்தைகளுக்கு அவை தாய்மொழியைப் போல வந்தன.

தனம்மாளுக்கு நான்கு மகள்கள்: ராஜலட்சுமி, லட்சுமிரத்தினம், ஜயம்மாள், காமாட்சி. மூத்த இருவரும் ஜோடியாகக் கச்சேரி செய்தவர்கள். ஜயம்மாள் பின்னாளில் தம் மகள் பாலசரஸ்வதியின் நாட்டியத்துக்குப் பாடினார். காமாட்சியின் பெண்கள் பிருந்தாவும் முக்தாவும் சேர்ந்து பாடினார்கள். இளையவர் அபிராமசுந்தரி வயலின் வாசித்தார். வெளியாட்களும் பாடம் கேட்டார்கள். தனம்மாளிடம் கற்ற சாவித்ரி ராஜன் அந்தப் பாணியில் வீணை வாசித்துப் பேர் வாங்கினார்.

புகழுக்கேற்ற வசதி அந்த வீட்டில் இருந்ததில்லை. நல்லதையே விரும்பிய மனம், தாராளமான கை, நிலையில்லாத வருமானம். கடைசிக் காலத்தில் பார்வையும் போய்விட்டது. 1930-களில் கொலம்பியா நிறுவனம் அவர் வாசிப்பைப் பதிவு செய்தபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அன்றைய தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இடம். மாலை முழுக்க நிதானமாக வாசித்துப் பழகியவர் அந்த அவகாசத்துக்குள் தம் இசையை அடக்கிக்கொடுத்தார். ஒலித்தரம் குறைந்த அந்தப் பதிவுகளை இன்றும் வீணை மாணவர்கள் தேடிக் கேட்கிறார்கள். குறுகிய நேரத்திலும் அவசரம் தெரியாத வாசிப்பு அது. தென்னிந்திய ஒலிப்பதிவுகளில் அவற்றைவிட அருமையானவை அதிகம் இல்லை.

இதே ஆண்டுகளில் தனம்மாள் குடும்பம் சார்ந்த தேவதாசிச் சமூகத்தின் காலடியில் நிலம் நகர்ந்துகொண்டிருந்தது. கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்திலும் வெளியிலும் போராடினார். 1947-ல் சென்னை மாகாணச் சட்டம் அவ்வழக்கத்தைத் தடை செய்தது. சிறுமிகளைக் காப்பது அதன் நோக்கம். ஆனால் கலையையே தொழிலாகக் கொண்ட பெண்களின் மேல் ஊரார் பார்வை கடுமையானது. பல குடும்பங்கள் பாட்டையும் ஆட்டத்தையும் விட்டே விலகின. தனம்மாள் குடும்பம் விலகவில்லை. தாம் யார் என்பதை மறைக்காமல், தம் பாட்டி பெயரைச் சொல்லியே மேடை ஏறியது அவர்களுடைய துணிவு.

அந்தத் துணிவு மிகத் தெளிவாகத் தெரிவது பாலசரஸ்வதியிடம். 1918-ல் பிறந்த பாலா, தஞ்சை நால்வர் வழிவந்த கந்தப்பா பிள்ளையிடம் நாட்டியம் பயின்று, ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். மயிலாப்பூர் கௌரி அம்மாளின் ஆட்டம் அவருக்கு ஆதர்சம். பாட்டி இறக்கும்போது அவருக்கு இருபது வயது. தாயும் பாட்டியும் பாடக் கேட்ட பதங்களுக்கே அவர் அபிநயம் பிடித்தார். ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் முகத்தில் வேறொரு பொருள் தோன்றும். ஆடிக்கொண்டே தாமும் பாடுவார். நாட்டியம் என்பது கண்ணுக்குத் தெரியும் இசை என்பது அவர் கொள்கை. சங்கீத நாடக அகாதமி விருது 1955-லும், பத்மபூஷண் 1957-லும் வந்தன. 1973-ல் மியூசிக் அகாதமி அவருக்குச் சங்கீத கலாநிதி பட்டம் அளித்தது. அதைப் பெற்ற முதல் நாட்டியக் கலைஞர் அவரே. 1976-ல் சத்யஜித் ராய் "பாலா" என்ற ஆவணப்படம் எடுத்தார். கடற்கரையில் அலைகளின் முன் நின்று "கிருஷ்ணா நீ பேகனே பாரோ" பாடலுக்கு அவர் அபிநயிக்கும் காட்சி அதில் உள்ளது. 1984 பிப்ரவரி 9 அன்று அவர் காலமானார்.

பாட்டில் பாட்டியின் வாரிசு பிருந்தா. 1912-ல் பிறந்த அவர், காஞ்சிபுரம் நாயனா பிள்ளையிடமும் பயின்றார். லயக் கட்டுப்பாட்டுக்குப் பேர்போன அந்த குருவின் பயிற்சியும் வீட்டின் நிதானமும் பிருந்தாவிடம் ஒன்றாகக் கலந்தன. பாடம் சொல்வதில் கறாரானவர். ஒரு கமகம் சரியாக வரும்வரை அடுத்த வரிக்குப் போகமாட்டார் என்பது அவரிடம் கற்றவர்கள் சொல்லும் செய்தி. பிருந்தாவும் முக்தாவும் சேர்ந்து பாடிய பதிவுகளில் இரு குரல்களும் ஒரே அசைவில் வளைந்து ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. 1976-ல் பிருந்தாவும் சங்கீத கலாநிதி ஆனார். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் அவர் பாடம் நடத்தினார்.

பாலாவின் தம்பிகள் ரங்கநாதன் மிருதங்கத்தையும் விஸ்வநாதன் புல்லாங்குழலையும் எடுத்துக்கொண்டார்கள். விஸ்வநாதனின் குரு திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளை. ஆனாலும் குழலில் கேட்பது வாய்ப்பாட்டே. கச்சேரியின் நடுவில் குழலை இறக்கிவைத்துவிட்டு அதே பாட்டைப் பாடிக் காட்டுவது அவர் வழக்கம். வீணையில் பாட்டி செய்ததைப் பேரன் மூங்கிலில் செய்தார் என்று சொல்லலாம். இருவரும் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்தார்கள். அவர்களிடம் பயின்ற அமெரிக்கர் ஜான் ஹிக்கின்ஸ், தமிழ்நாட்டு ரசிகர்கள் "பாகவதர்" என்று அழைக்கும் அளவுக்குப் பாடகராக உயர்ந்தார். விஸ்வநாதனுக்குச் சங்கீத கலாநிதி பட்டம் 1988-ல் கிடைத்தது. ரங்கநாதன் 1987-லும் விஸ்வநாதன் 2002-லும் மறைந்தார்கள்.

லட்சுமிரத்தினத்தின் மகன் சங்கரன் வேறொரு வேலையைச் செய்தார். அகில இந்திய வானொலியில் பணியாற்றிய அவர், குடும்பத்தின் நினைவுகளைக் கட்டுரைகளாக எழுதினார். பாட்டியின் ரசனை, பிடிவாதம், பணமுடை, வீட்டுக்கு வந்துபோன வித்வான்கள் என அனைத்தும் அவற்றில் உண்டு. போற்றிப் புகழ்வதோடு நில்லாமல் ஒரு வீட்டை உள்ளபடி காட்டியவை அவை. தனம்மாளைப் பற்றி எழுதுபவர்கள் இன்றும் சங்கரனின் எழுத்தை நாடாமல் இருக்க முடியாது.

அடுத்த தலைமுறையில் பாலாவின் மகள் லட்சுமி நைட் 2001-ல் மறையும்வரை தாயின் நாட்டியத்தை ஆடியும் கற்பித்தும் வந்தார். அவர் கணவர் டக்ளஸ் நைட் 2010-ல் பாலசரஸ்வதியின் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். அவர்கள் மகன் அனிருத்த நைட் நாட்டியக் கலைஞர். குடும்பத்துக்கு வெளியே, பிருந்தாவிடம் கற்ற அருணா சாயிராமும் சித்திரவீணை ரவிகிரணும் அந்த வீட்டுப் பதங்களை மேடைகளுக்குக் கொண்டுவந்தார்கள். முக்தா 2007-ல் காலமானபோது, தனம்மாளின் மடியில் வளர்ந்து பாடகரான பேத்திகளின் தலைமுறை நிறைவுற்றது.