மணிபர்ஸ் தொலைந்தால் முதல் வேலை என்ன?

(வானொலியில் ஒலிபரப்பான உரை)



சந்தைக்குப் போன இடத்தில் மணிபர்ஸ் காணாமல் போய்விட்டது. நாம் என்ன செய்கிறோம்? வந்த வழியே திரும்பி நடக்கிறோம். டீக்கடையில் கேட்கிறோம், பஸ் கண்டக்டரைக் கேட்கிறோம். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் மாடு விற்கப் போய், இப்படித்தான் பொழுது சாயும்வரை தேடினார். மறுநாள் பாங்கில் பாஸ்புக் பதியும்போதுதான் விஷயம் தெரிந்தது. அவர் தேடிக்கொண்டிருந்த நேரத்திலேயே, கணக்கிலிருந்து நான்கு தடவை பணம் எடுத்திருக்கிறார்கள். எப்படி என்று கேட்கிறீர்களா? ஏ.டி.எம். கார்டு உறையிலேயே ரகசிய எண்ணை எழுதி வைத்திருந்தார். "மறந்து போகும்னு மகள் எழுதிக் கொடுத்தாள்" என்றார், பாவம்.

பர்ஸில் இருந்த ரொக்கம் போனால் அதோடு போயிற்று. கார்டும் ஆதாரும் அப்படி இல்லை. அவை அடுத்தவன் கையில் உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு திரியும். ஆகவே தேடுவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்திலிருந்தே பாங்குக்குப் போன் போட்டு, "கார்டை நிறுத்துங்க" என்று சொல்லுங்கள். புகார் எண்ணையும், சொன்ன நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2017-ல் போட்ட விதிப்படி, நீங்கள் தகவல் சொன்ன பிறகு ஏற்படும் நஷ்டம் பாங்கைச் சேர்ந்தது. அதற்கு முன்னால் நம்முடைய கவனக்குறைவால் போனது நம் தலையில்தான். அதனால்தான் அந்த நேரக் குறிப்பு முக்கியம்.

ரகசிய எண் தெரியாவிட்டால் பயமில்லை என்றும் இருந்துவிடக் கூடாது. மெஷினில் காட்டினாலே பணம் போகிற வசதி சில கார்டுகளில் திறந்திருக்கும். அதில் ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை எண் கேட்காமலே போய்விடும். செல்போனும் சேர்ந்து தொலைந்திருந்தால், சிம் கம்பெனியிடம் சொல்லி அந்த எண்ணையும் நிறுத்த வேண்டும். பாங்கு அனுப்பும் ஓ.டி.பி. அந்தப் போனுக்குத்தானே வருகிறது?

பணம் ஏற்கெனவே போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால், போன பணத்தை வழியிலேயே முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. இந்தச் சமயத்தில் யாராவது, "பாங்கிலிருந்து பேசறோம், கார்டை நிறுத்த ஓ.டி.பி. சொல்லுங்க" என்பார்கள். சொல்லவே கூடாது. பாங்குக்காரர் யாரும் அதைக் கேட்க மாட்டார்.

இனி ஆதார். வெறும் அட்டையைக் காட்டி யாரும் உங்கள் கணக்கில் பணம் எடுத்துவிட முடியாது, அதற்குக் கைரேகை வேண்டும். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால், ஆதார் இணையதளத்தில் கைரேகையைப் பூட்டி வைக்கச் சொல்லலாம். ஒன்று ஞாபகம் வேண்டும்: ரேஷன் கடையில் விரல் வைக்கும் நாளில் பூட்டைத் திறக்காவிட்டால் மெஷின் ஏற்காது.

பயப்பட வேண்டியது வேறு இடத்தில். உங்கள் அட்டையை வைத்து ஒருவன் சிம் வாங்கலாம், கடனுக்கு மனுப் போடலாம். ஆறு மாதம் கழித்து நோட்டீஸ் வரும்போது நமக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. எனவே போலீசில் ஆவணம் தொலைந்ததாகப் புகார் பதிந்து, தேதியோடு ரசீது வாங்கி வையுங்கள். தமிழ்நாடு போலீசின் இணையதளத்திலும் இதைப் பதியலாம். பின்னால் வம்பு வந்தால் அந்தக் காகிதம்தான் பேசும். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை 'சஞ்சார் சாத்தி' என்ற மத்திய அரசுத் தளம் காட்டும். உங்களுடையது அல்லாததை அங்கேயே சுட்டிக்காட்டலாம். கடன் விவர அறிக்கையை ஆண்டுக்கு ஒரு தடவை இலவசமாகப் பெறலாம். நீங்கள் வாங்காத கடன் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜெராக்ஸ் கொடுக்கும்போதும், எதற்காக, எந்தத் தேதியில் என்று அதன் மேலேயே குறுக்காக எழுதிக் கொடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

சந்தைக்குப் போகிறவருக்கு ரேஷன் கார்டும் பட்டா நகலும் எதற்கு? அவை பெட்டியில் கிடக்கட்டும். பாங்கின் போன் எண்ணை மட்டும் இன்றைக்கே வீட்டுக் காலண்டரில் எழுதுங்கள், மகன் போனிலும் பதிந்து வையுங்கள். பர்ஸுக்குள் எழுதி வைத்தால் அது பர்ஸோடு போய்விடும்.