சோம்பல் அன்று, நோய்



மனச்சிதைவு நோயின் மேலைநாட்டுப் பெயரை 1908இல் சுவிற்சர்லாந்து மருத்துவர் ஒயிகன் புளொயிலர் வழங்கினார். 'பிளவுண்ட மனம்' என்பது அதன் நேர்ப்பொருள். மொழிபெயர்ப்பில் எனக்கும் இடர் தந்த சொல் அது. ஒருவருக்குள் இருவர் வாழ்வதாகப் பலர் எண்ணுவதும் அதனால்தான். உண்மையில் தளர்வது எண்ணம், உணர்வு, செயல் ஆகியவற்றின் பிணைப்பே.

இல்லாத குரல் கேட்பதை நோயென வீட்டார் விரைவில் உணர்வர். ஆனால், பிள்ளை குளிக்காதிருப்பதையும், ஈ-பொக்ஸில் வந்த கடிதத்தைத் திறவாதிருப்பதையும், பேச்சுக் குறைந்து முகம் உணர்ச்சியற்றுப் போவதையும் திமிர் என்றே கடிந்துகொள்கிறோம். அவையும் நோயின் கூறுகளே. மருந்துக்கு எளிதில் வசப்படாதவையும் அவையே.

இத்தகைய வளர்ந்தோருக்கு, சமூகசேவைச் சட்டத்தின் 85ஆம் பிரிவின்கீழ் அன்றாட வாழ்வுக்கான துணையைக் கோல்டிங் நகரசபையிடம் கோரலாம். உதவியாளர் உங்கள் பிள்ளைக்காகச் சமைப்பவர் அல்லர். உடன் நின்று சமைக்கப் பழக்குபவர். கோரிக்கை மறுக்கப்பட்டால், முடிவு கிடைத்த 4 வாரங்களுக்குள் நகரசபையிடமே முறையீட்டைக் கையளியுங்கள்.