பாழ்நிலமும் பொதுக்காடும்

(பண்டாரவளையில் தோட்டத் தொண்டர்களும் கிராம விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



இன்று நாம் கூடியிருப்பது ஒரு மலையைப் பற்றிப் பேசுவதற்காக. அம்மலை எதுவென்று இங்குள்ள ஒவ்வொருவருக்கும் தெரியும். நம் பாட்டன்மார் காடு வெட்டி, பாட்டிமார் கொழுந்தெடுத்த மலை அது. இன்று அங்கே கவ்வாத்தும் இல்லை, உரமும் இல்லை, முள்ளுக்குத்துவாரும் இல்லை. தேயிலை ஆளுயரத்துக்கு மேல் மரமாகி நிற்கின்றது. இடைவெளியெல்லாம் மானாப்புல்லும் நாயுண்ணியும் அடைந்துவிட்டன. 'காடு விட்டுவிட்டார்கள்' என்று நம்மவர் சொல்லுவார்கள். தோட்டக் கணக்கேட்டில் அது வருமானம் தராத நிலம். லயத்துப் பிள்ளைகளுக்கோ அது பன்றியும் குளவிக்கூடும் உள்ள இடம்; அவ்வழியே பள்ளிக்கூடம் போகப் பயம்.

அம்மலையைப் பொதுக்காடாக ஆக்குவோம், ஞாயிறுதோறும் வந்து வேலை செய்வோம் என்று நம் இளைஞர்கள் பெயர் கொடுத்திருக்கின்றார்கள். இதனை நாம் ஆதரிக்கின்றோம். ஆயினும் கைதட்டி ஆதரித்துவிட்டு வீடு செல்வதற்காக நாம் இங்கு வரவில்லை. இதில் கேட்க வேண்டிய கேள்விகள் உள. அவற்றை இன்றே கேட்டுத் தெளிவதே முறை.

முதலில் 'பாழ்' என்னும் அந்தச் சொல்லைப் பார்ப்போம். இந்நாட்டில் அச்சொல் பொல்லாத சொல். சட்டப் புத்தகத்திலிருந்து வந்த சொல். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம் என்ன கூறிற்று? காடாகவோ, பாழாகவோ, குடியிருப்பற்றோ, பயிரிடப்படாமலோ கிடக்கும் நிலமனைத்தும், மறுதலையாக நிரூபிக்கப்படும் வரையில், முடிக்குரியது என்று அனுமானிக்கப்படும் எனக் கூறிற்று. நிரூபிக்கும் பாரம் யார் தலையில்? தலைமுறை தலைமுறையாக அம்மலையில் மாடு மேய்த்தவன் தலையில். சேனை வெட்டியவன் தலையில். விறகும் மூலிகையும் எடுத்தவன் தலையில். அவனிடம் சன்னசு உண்டா? வரி கட்டிய சீட்டு உண்டா? 1817, 1818ஆம் ஆண்டுகளின் கிளர்ச்சியும் அதனை அடக்கிய கொடுமையும் ஊவாவை நாசமாக்கி இருபது ஆண்டுகள் சென்ற பின்னர் அவனிடம் உறுதி கேட்டார்கள்! இவ்வாறு பாழ் என்று பெயரிட்டு எடுத்த நிலம் முதலிற் காப்பித் தோட்டமாயிற்று. 1869இல் காப்பியிலே துருநோய் கண்டது; அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காப்பி அழிந்து, தேயிலை வந்தது. சிங்களக் கிராமத்தான் இழந்த மேய்ச்சல் மலையிலேதான் நம் முன்னோர் கொண்டுவந்து இறக்கப்பட்டார்கள். நிலத்தை இழந்தவனும் நிலமின்றி வந்தவனும் ஒரே மலையின் இரு சரிவுகளில் ஒருவரையொருவர் சந்தேகக் கண்ணோடு பார்த்துக்கொண்டு வாழும்படி ஆயிற்று. இன்று இக்கூட்டத்தின் பின்வரிசையில் சிங்கள நண்பர்கள் சிலர் அமர்ந்திருக்கின்றார்கள். அவர்கள் வந்திருப்பது நமக்கு மகிழ்ச்சி. அடுத்த கூட்டத்தில் அவர்கள் முன்வரிசையில் அமர வேண்டும்.

மண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் கேளுங்கள். அந்நாளைய துரைமார் களை ஒன்றும் இராமல் சுரண்டி எடுப்பதையே நல்ல விவசாயம் என்று கருதினார்கள். செங்குத்தான மலையை மழைக்கு வெறுமையாகத் திறந்து வைத்தார்கள். ஆயிரம் ஆண்டுகள் காடு உண்டாக்கிய மேல்மண் ஆற்றோடு போயிற்று. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, பாதுகாக்க வேண்டிய மண்ணிற் பெரும்பகுதி முன்னமே கடலுக்குப் பயணமாகியிருந்தது. சட்டங்களுக்குத் தாமதமாக வரும் வழக்கம் உண்டு. அத்தொழிலில் உள்ள நமக்கு அது நன்றாகத் தெரியும்.

அப்படியானால் மண் போன மலையிலே காடு வருமா? இது நியாயமான கேள்வி. விடை தேடித் தூரதேசம் போக வேண்டியதில்லை. இங்கிருந்து வெலிமடை செல்லும் வழியில் மிரஹாவத்தை இருக்கின்றது. அங்கே பெலிபொல என்னும் இடத்தில், கைவிடப்பட்ட தேயிலையும் பத்தனைப் புல்லும் நின்ற நிலத்திலே, கலாநிதி ரணில் சேனாநாயக்க என்னும் சூழலியல் அறிஞர் 1980களின் தொடக்கத்தில் ஒரு வேலையைத் தொடங்கினார். அன்று அரசாங்கமும் கம்பனிகளும் காடு வளர்ப்பதென்றால் யூக்கலிப்டசும் பைனசும் வரிசையாக நடுவது என்றே நினைத்தார்கள். பைனஸ் காட்டுக்குள் சென்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: கீழே புல்லில்லை, மேலே குருவியில்லை, ஊசியிலை மாத்திரம் மெத்தைபோல் கிடக்கும். ஒரு தீக்குச்சி போதும். அவரோ வேறு வழியிற் சென்றார். இவ்விடத்திலே இயற்கையாக நின்றிருந்த காடு எவ்வாறு அடுக்கடுக்காக அமைந்திருந்தது? உயர்ந்த மரம், அதன் கீழ் நடுத்தர மரம், அதன் கீழ் புதர், அதில் ஏறும் கொடி, தரையில் பூண்டு. அந்த அமைப்பைப் பார்த்து அதைப் போலவே மறுபடியும் கட்டுவது. ஆனால் ஒவ்வோர் அடுக்கிலும் மனிதனுக்குப் பயன்படும் மரஞ்செடிகளையும் சேர்த்துக்கொள்வது. 'ஒப்புக்காடு' என்று நாம் அதனைத் தமிழிற் சொல்லலாம். பெலிபொலவில் இன்று நிழல் உண்டு, பறவை உண்டு. அங்கே வகுத்த முறையைக் கற்கவும் பரப்பவும் கொஸ்டா ரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்டு பல நாடுகளில் ஒரு வலையமைப்பு இயங்குகின்றது. கடல் கடந்தவர்கள் நம் ஊவாவைப் பார்த்துப் படிக்கின்றார்கள். பண்டாரவளையில் இருக்கும் நாமோ பஸ்ஸில் அவ்வழியே போய் வருகின்றோம்!

விவசாயிகளுக்கு இதன் வேலைமுறையைச் சொல்ல வேண்டும். ஊவாவுக்கு வடகீழ்ப் பருவமழைதான் உயிர். ஆனி, ஆடி, ஆவணியில் மலையிறங்கி வீசும் வறண்ட கச்சான் காற்று இருக்கின்றதே, அதுதான் ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தந்த மணத்தைக் கொடுப்பது. அதே காற்றுதான் பத்தனையை எரிப்பதும். ஆகவே முதலாவது வேலை மரம் நடுவதன்று. தீயைத் தடுப்பதே முதல் வேலை. புல்லை அகலமாக வெட்டித் தீத்தடுப்புப் பாதை எடுக்க வேண்டும். புதுப் புல்லுக்காக நெருப்பு வைப்போரோடு பேசி, அவர்கள் மாட்டுக்குப் புல் வேறிடத்தில் வளர்த்துக் கொடுக்க வேண்டும். அதன்பின் சரிவுக்குக் குறுக்கே சமவுயரக் கோட்டில் கானும் கல்லணையும் அமைத்து, சீமைக்கிளுவை, முள்முருக்கு போன்ற மண்ணைத் தேற்றும் மரங்களை ஐப்பசி மழையோடு ஊன்ற வேண்டும். அவற்றின் தழை விழுந்து மண் கறுக்கத் தொடங்கிய பின்னரே பலாவும் ஆனைக்கொய்யாவும் கித்துளும், அவற்றின் நிழலிற் காப்பியும் மிளகும். ஓடைக்கரையிலும் ஊற்றுக்கண்ணைச் சுற்றியும் மனிதனுக்குப் பயனுள்ளதா என்று கேளாமல் காட்டு மரங்களையே விட வேண்டும். இவ்வளவுக்கும் ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். படமெடுப்பதற்கு ஒரு கன்றை நட்டு, வாளியிலே நீரூற்றி, மாலையோடு இறங்கிப் போகும் கனவான்களுக்கு இதில் வேலையில்லை. அவர்கள் நட்ட கன்றுகளை நாமும் தேடிப் பார்த்திருக்கின்றோம், ஆடுகளைத்தான் கண்டோம்.

இனி, கடினமான கேள்விக்கு வருவோம். சென்ற கிழமை ஒரு தோட்டத்தில் இதைப் பற்றிப் பேசியபோது ஒரு தாய் எழுந்து நின்று, "ஐயா, ஏழு பேர்ச்சஸ் காணி கேட்டு எங்கள் பிள்ளைகள் அலைகின்றார்கள். பத்தடி அறையிலே மூன்று குடும்பம் இருக்கின்றோம். நீங்கள் மரத்துக்குக் காணி கேட்கின்றீர்களே?" என்று கேட்டார். எவ்விதத்திலும் தட்டிவிடக் கூடிய கேள்வியன்று அது. 1948இல் குடியுரிமை இழந்து, 1964இல் இரு அரசாங்கங்களால் எண்ணிக்கையாகப் பிரிக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே முழுமையாகப் பிரஜைகளாக ஏற்கப்பட்ட மக்கள் நாம். காணியுறுதி நமக்கு உயிர்ப்பிரச்சினை. எனவே தெளிவாகச் சொல்லுகின்றோம்: வீடு கட்டத் தகுந்த ஓர் அங்குல நிலமும் இக்காட்டுக்கு வேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வீடு கட்டலாம் என்று காட்டும் இடத்தில் வீடு. அவர்கள் கூடாதென்று விலக்கும் சரிவிலே காடு. மரத்துக்கும் மனிதனுக்கும் போட்டி என்று யாராவது நம்மிடையே சண்டை மூட்டினால், இரண்டுக்கும் நிலம் தர மனமில்லாதவரே அவர் என்று கொள்ளுங்கள்.

அத்தாய்க்கு மற்றொன்றையும் சொன்னோம். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையிலே கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களின்மேல் மலை இறங்கியதை நாம் மறக்கவில்லை. அவ்விடத்தைப் பற்றிய எச்சரிக்கை முன்னமே விடுக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் இம்மாவட்டத்தில் மண் சரிந்து உயிர்கள் போயின. மரம் நட்டால் மண்சரிவே வராது என்று நாம் கூறமாட்டோம், அது பொய்யாகும். ஆழத்திலே நீர் ஊறிச் சரியும் மலையை வேர் தாங்காது. அங்கே நீர்க்கான் வேண்டும். குடியிருப்பை மாற்ற வேண்டும். ஆனால் மேல்மண் கரைவதையும், சிறு சரிவுகளையும், ஓடை வெறிகொண்டு பாய்வதையும் காடு தணிக்கும். அவ்வளவைத்தான் வாக்குறுதியாகத் தருகின்றோம்.

நீரைப் பற்றி இவ்வூராருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. உமா ஓயாச் சுரங்கத்துக்குள் 2014 டிசம்பரில் நீர் பீறிட்ட பின்னர் இப்பகுதியிற் கிணறுகள் வற்றியதையும், சுவர்கள் வெடித்ததையும், 2017இல் மக்கள் பண்டாரவளைத் தெருவில் இறங்கியதையும் கண்டவர்கள் நீங்கள். அத்திட்டம் 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டு, நீரும் மின்சாரமும் தருகின்றது, தரட்டும். இழந்த ஊற்றை மரம் திருப்பித் தருமென்று எவரும் உறுதி கூறவியலாது. எஞ்சியுள்ள பீலிகளையாவது காத்துக்கொள்வது நம் பொறுப்பு.

கடைசியாகச் சட்டம். இந்நிலங்கள் 1970களில் அரசுடைமையாயின. 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறி, பின்னர் 53 ஆண்டுக் குத்தகையாயின. நிலத்தின் சொந்தக்காரர் அரசு. கையில் வைத்திருப்பவர் கம்பனி. நடுவிலே நாம் போய்ச் சும்மா மண்வெட்டியை ஊன்றினால் என்ன ஆகும்? அத்துமீறல் என்று வழக்கு வரும். அல்லது, அதைவிட மோசமாக, வழக்கே வராது. ஐந்து வருடம் நம்மை வேலை செய்யவிட்டு, மரம் தேறிய பிறகு, 'இது எங்கள் கம்பனி வளர்த்த காடு' என்று உல்லாச விடுதி கட்டுவார்கள். சிரமதானம் உயர்ந்த சொல். 1958இல் கனதொலுவைக் கிராமத்துக்கு ஆரியரத்ன அவர்கள் மாணவரை அழைத்துச் சென்ற காலந்தொட்டு இந்நாடு அதனை மதிக்கின்றது. ஆனால் தோட்டத் தொழிலாளியின் சிரமத்தை நூற்றைம்பது ஆண்டுகளாக அரைக் கூலிக்கு எடுத்தாயிற்று. இப்போது இலவசமாகவும் எடுக்க வழி செய்யலாகாது.

ஆகையால் எழுத்திலே உடன்படிக்கை இல்லாமல் ஒரு குழியும் வெட்டக் கூடாது. அரசியலமைப்பின் 28ஆம் உறுப்புரை இயற்கையைப் பாதுகாப்பதை ஒவ்வொருவரின் கடமையாக விதிக்கின்றது. கடமையைச் செய்ய இடம் கொடு என்று கேட்கின்றோம். 1999ஆம் ஆண்டில் எப்பாவளை விவசாயிகள் தம் நிலத்துப் பொஸ்பேற்றை அந்நியக் கம்பனி அள்ளிச் செல்வதை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றார்கள். 2000ஆம் ஆண்டில் நீதியரசர் அமரசிங்க என்ன தீர்த்தார்? நாட்டின் இயற்கை வளங்களுக்கு அரசு மக்கள் சார்பில் நிற்கும் பொறுப்பாளரே என்பதை ஏற்று, மகிந்த தேரர் தேவநம்பியதீசனுக்குக் கூறியதாக வரும் பழைய அறிவுரையையும் எடுத்துக்காட்டினார். பாழென்று பெயரிட்டு முடி எடுத்த நிலம், நம்பிக்கைப் பொறுப்பாக அரசின் கையில் இருக்கின்றது. 1840க்கு 2000 சொன்ன பதில் என்றே நாம் அதனைக் கொள்ளுகின்றோம். அத்தீர்ப்பை வைத்துக்கொண்டு பிரதேச செயலாளரிடமும் கம்பனியிடமும் பேசலாம்.

உடன்படிக்கையில் நாம் கேட்பவை இவை: நிலத்தின் எல்லை வரைபடத்தோடு குறிக்கப்பட வேண்டும், குத்தகைக் காலம் முடியும் வரையேனும் அது பொதுக்காடாக இருக்க வேண்டும், விறகு, பழம், மிளகு, மூலிகை ஆகியவற்றில் தோட்டத்தாருக்கும் கிராமத்தாருக்கும் சமபங்கு வேண்டும், நிர்வாகக் குழுவிற் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும், ஏனெனில் விறகும் தண்ணீரும் அவர்கள் தலையிலேதான் வருகின்றன. வரைவை இரு மொழிகளிலும் எழுதியிருக்கின்றோம். கட்டணமின்றிப் பார்த்துக்கொடுக்க நம் சட்டத் தோழர்கள் இருவர் இசைந்துள்ளனர். நில அளவையாளர் ஒருவரும், விவசாயம் படித்த ஒருவரும் தேவை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்துகொண்டு மலையகத்துக்காகக் கண்ணீர் வடிக்கும் நம் படித்த நண்பர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு இரவு ரயிலேறி வரட்டும்.

கையெழுத்தாகும் வரையில் மலையில் வேலையில்லை. ஆனால் நாற்றுமேடையிற் செய்ய வேலை உண்டு. அதற்குக் கிராமத்து விவசாயி ஒருவர் தம் காணியிற் கால் ஏக்கர் தருகின்றார். பலாவிதை சேகரிக்க வேண்டும். பைகளில் மண் நிரப்ப வேண்டும். வாசலில் இரண்டு கொப்பிகள் இருக்கின்றன. நீலக் கொப்பி உடன்படிக்கை வேலைக்கு, மற்றது நாற்றுமேடைக்கு. வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு மண்வெட்டி உள்ளவர்கள் மண்வெட்டியோடு வாருங்கள்.