முத்திரைக்கு முன் பெயரைப் பாருங்கள்



வாப்பா மௌத்தான பின், ஊரிலுள்ள வீட்டைப் பங்கு பிரிக்க, இங்கிருந்தே சாச்சாவுக்குப் பவர் பத்திரம் அனுப்பினேன். நோட்டரி பப்ளிக் முன் கையெழுத்திட்டு, சிங்கப்பூர் சட்டக் கழகத்தின் அப்போஸ்டில் சான்றும் பெற்றேன். இம்முறை இங்கு 2021 செப்டம்பர் 16 முதல் நடப்பில் உள்ளது. இந்தியா 2005லேயே இதில் சேர்ந்துவிட்டது. தூதரகத்துக்கு அலைய வேண்டியதில்லை.

ஆனால் காரியம் நடக்கவில்லை. இறப்புச் சான்றிதழில் வாப்பா 'மைதீன்'. ஊர் மூலப்பத்திரத்தில் 'முகைதீன்'. அப்போஸ்டில், கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று மட்டுமே சொல்லும். உள்ளே எழுதியது சரியா என்று பார்க்காது. நானும் பார்க்கவில்லை. உம்மாவுக்கும் லாத்தாமார்களுக்கும் சேர வேண்டிய ஹக்கு ஏழு மாதம் தாமதமானது.

இன்னொன்று: வெளிநாட்டில் எழுதிய பவர் பத்திரம் இந்தியா சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். நாள் தவறினால் மறுபடியும் சிக்கல்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஊர்ப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்து, பெயர்களை ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால், பெற்றோர் இருக்கும்போதே, அவர்கள் கையாலேயே சரிசெய்துவிடுங்கள். எனக்கு அந்த வாய்ப்பு இல்லை. வஸ்ஸலாம்.