பாட நூலின் கட்டமும் ஊராரின் கடமையும்

(கீழச்சிவல்பட்டியில் ஊராட்சிப் பணியாளரும் உழவரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்வியின் அருமையைக் கீழச்சிவல்பட்டிக்கு வந்து எடுத்துரைக்க நாம் சற்றுத் தயங்கத்தான் வேண்டும். பாடுவார் முத்தப்பர் வாழ்ந்த ஊர் இது. கடல் கடந்து பொருள் ஈட்டியவர்கள், கோயிலுக்கும் ஊருணிக்கும் செலவிட்டது போலவே பள்ளிக்கூடத்துக்கும் செலவிட்ட சீமை இது. காரைக்குடியில் 1947-இல் கல்லூரி கண்ட அழகப்பச் செட்டியார், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அங்கு அமைவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளித்தார். ஆகையால், கொடுப்பது எப்படி என்று இப்பகுதிக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்று நாம் பேச வந்த விஷயம் வேறு. ஏற்கெனவே கொடுக்கப்பட்டு, நம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்ட ஒன்றை நாம் எடுத்து உபயோகிக்காமல் இருக்கிறோம். அதைப் பற்றித்தான் பேச்சு.

இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும் பிள்ளையின் பாடப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பக்கத்தின் ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சதுரக் கட்டம் இருக்கும். தேநீர்க் கடையிலும் உரக் கடையிலும் பணம் செலுத்துவதற்காக ஒட்டி வைத்திருக்கிறார்களே, அதே இனத்தைச் சேர்ந்த கட்டந்தான். 1994-இல் ஜப்பானில், மோட்டார் உறுப்புகளை அடையாளம் காண்பதற்காகக் கண்டுபிடிக்கப்பட்ட இந்த முறை, 2018-இல் நம் மாநிலத்தின் புதிய பாட நூல்களில் இடம்பெற்றது. முதலாம், ஆறாம், ஒன்பதாம், பதினோராம் வகுப்புகளுக்கு முதலில் வந்து, பிறகு மற்ற வகுப்புகளுக்கும் பரவியது. மத்திய அரசு 2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய ‘தீக்ஷா’ என்னும் கல்வித் தளத்துக்கு அந்தக் கட்டம் வழி காட்டுகிறது. கைப்பேசியில் தீக்ஷாச் செயலியை இறக்கிக்கொண்டு, கட்டத்தை அதன் முன் காட்டினால், அந்தப் பாடத்துக்குரிய படக்காட்சியோ பயிற்சியோ திரையில் வந்து நிற்கும். கட்டணம் கிடையாது. பெயர் பதிவு செய்யாமலே விருந்தினராக நுழையலாம். கைப்பேசியின் காமிரா கீறல் விழுந்து மங்கியிருந்தாலும் கவலை வேண்டாம். கட்டத்தை அடுத்து அச்சிட்டுள்ள ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த குறியைத் தட்டச்சு செய்தாலும் அதே பாடம் கிடைக்கும். இதைப் பலர் அறியவில்லை.

2023-இல் நம் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் ‘மணற்கேணி’ என்ற செயலியையும் வெளியிட்டது. பாடங்களைச் சிறு சிறு படக்காட்சிகளாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அது தருகிறது. நல்ல பெயர். கோடையில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடத்தை நிரப்பிய தாய்மார்கள் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். மணலுக்கடியில் நீர் இருக்கிறது என்று அறிந்த மாத்திரத்தில் தாகம் தீர்ந்துவிட்டதா? தோண்ட ஒரு கை வேண்டியிருந்தது.

அந்தக் கை எது என்பதில்தான் நம் கஷ்டம் இருக்கிறது. கைப்பேசி தகப்பனாரின் சட்டைப் பையில் கண்மாய்க்கும் வயலுக்கும் போய்விடுகிறது. இரவு எட்டு மணிக்கு அது வீடு திரும்பும்போது மின்னேற்றம் தீரும் தறுவாயில் இருக்கிறது. முதலில் அண்ணன் வாங்கிக்கொள்கிறான். அடுத்துத் தம்பி. பெண்பிள்ளைக்கு அது வந்து சேரும்போது அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறாள். கூலி வேலைக்குச் செல்லும் வீடுகள் சிலவற்றில் இந்த வகைக் கைப்பேசியே இல்லை. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில், ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் நடைபெறத் தொடங்கின. அந்த ஒன்றரை ஆண்டில் திரை உள்ள வீட்டுக் குழந்தை ஓரளவேனும் படித்தது. திரை இல்லாத வீட்டுக் குழந்தை எழுத்தையே மறந்தது. அந்த இடைவெளியை ஈடுகட்டத்தான் 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தது. பொதுவில் வைத்த பொருள், எடுக்க வசதி உள்ளவனுக்கே பயன்படுமானால், இருந்த ஏற்றத்தாழ்வு இன்னும் பெருகிவிடும். நாம் இன்று அஞ்ச வேண்டியது இதற்கே.

“பிள்ளை கையில் கைப்பேசியைக் கொடுத்தால் விளையாட்டுத்தான் பார்க்கும்” என்று சிலர் சொல்லுவீர்கள். உண்மைதான், நாமும் மறுக்கவில்லை. தனியே ஒரு மூலையில் கொடுத்தால் அப்படித்தான் ஆகும். ஆகவே தனியே கொடுக்க வேண்டாம் என்கிறோம். இச்சீமையில் திண்ணைப் பள்ளிக்கூடம் நடந்த வீடுகள் எத்தனை! அவற்றுள் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. திண்ணைகளோ அப்படியே இருக்கின்றன. 2006-இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழுந்தது. இவற்றுள் ஓரிடத்தில் மாலை ஆறு முதல் ஏழு வரை ஒரு கைப்பேசியையோ கைக்கணினியையோ வைத்து, எட்டுப் பத்துப் பிள்ளைகள் சூழ அமர்ந்து, படித்த இளைஞர் அல்லது பெண் ஒருவர் உடனிருந்து நடத்தினால் விளையாட்டுக்கு அங்கே இடமேது?

அலைவரிசை சரியாக எட்டுவதில்லை என்பதும் ஒரு தடை. அதற்கும் வழி உண்டு. தீக்ஷாவில் பாடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால், பிறகு இணையம் இல்லாமலே பார்க்கலாம். அலைவரிசை நன்றாக உள்ள இடத்துக்கு வாரம் ஒரு முறை சென்று அந்த வாரத்துப் பாடங்களை இறக்கி வந்தாலே போதுமானது. எந்தப் பாடம் என்று ஆசிரியரைக் கேட்டே செய்ய வேண்டும். தாமாக ஏதோ ஒன்றைக் காட்டி, வகுப்பில் வேறொன்று நடந்தால் பிள்ளை குழம்பிப்போகும். ஆசிரியரின் இடத்தை இந்தத் திரை பிடித்துவிடும் என்று எவரும் எண்ண வேண்டாம். இதயம் சுருங்கி விரிவதைத் திரை காட்டும். புரியாமல் விழிக்கும் குழந்தையின் முகத்தைக் கண்டு மறுபடியும் சொல்வது ஆசிரியர்தான்.

இதையெல்லாம் யார் செய்வது? 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் விடை தருகிறது. அரசுப் பள்ளிதோறும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் அதில் இடமுண்டு. பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிப்பதை மட்டும் பேசிக் கலைந்துவிடாமல், இந்த மாலை நேரத்தையும் அக்குழுவில் பேச வேண்டும். அடுத்து வரும் கிராம சபையிலும் இதை ஒரு பொருளாகச் சேர்க்கலாம்.

ஆனால் அதற்கு முன்பாக ஒரு கணக்கு வேண்டும். பள்ளிப் பிள்ளை உள்ள வீடுகள் எத்தனை, அவற்றுள் கைப்பேசி இல்லாதவை எத்தனை, இருந்தும் மாலையில் பிள்ளைக்குக் கிடைக்காத வீடுகள் எத்தனை, அவற்றுள் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் என்று தெருத்தெருவாக எழுத வேண்டும். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் இரண்டு மாலைப் பொழுதும் போதும். நாளை மாலையே முதல் தெருவில் தொடங்கலாம். வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.