கருவியைத் திறந்து காட்டுக!

(வ. புதுப்பட்டியில், வேதியியற் கல்வி பயிலும் பட்டதாரி மாணவரிடையே ஆற்றிய உரை)

 

நாளை வேதியியல் ஆசிரியராகப் பொறுப்பேற்கவிருக்கும் உங்களிடையே, கருவிவழிப் பகுப்பாய்வைக் கற்பிக்கும் முறை பற்றி உரையாற்றுமாறு என்னைப் பணித்துள்ளனர். இப்பொருளைப் பேசுதற்கு இம்மண்ணினும் தக்க இடம் வேறில்லை. ஏனெனில், அடுத்துள்ள வத்திராயிருப்பில்தான் 1898ஆம் ஆண்டு திசம்பர் 4ஆம் நாள் க. சீ. கிருட்டிணன் பிறந்தார். திருவில்லிபுத்தூர்ப் பள்ளியில் பயின்றார். பின் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் கற்றார். அக் கிறித்துவக் கல்லூரியிலேயே வேதியியல் செய்முறை விளக்குநராகவும் பணியாற்றினார். நண்பகல் உணவு வேளையில் மாணவரைக் கூட்டி, எதனை வேண்டுமாயினும் வினவுங்கள் என்பாராம். அவ்வுரையாடலைக் கேட்கப் பிற கல்லூரி மாணவரும் வந்தனர் என்பது அவர் வரலாறு.

அவரே பின்னர்க் கல்கத்தாவில் ச. வெ. இராமனுடன் இணைந்து உழைத்தார். 1928இல் அவ்விருவரும் கையாண்ட கருவி யாது? கதிரவன் ஒளியை வில்லையாற் குவித்தனர். ஊதாவும் நீலமும் மட்டும் புகவிடும் வடிகண்ணாடி வழியே அதனைத் தூய நீர்மத்துள் செலுத்தினர். அந்நிறங்களைத் தடுத்துப் பச்சையும் மஞ்சளும் மட்டும் விடும் மற்றொரு வடிகண்ணாடியைக் கண்முன் வைத்து நோக்கினர். இரண்டையும் நீர்மத்துக்கு முன்னரே அடுத்தடுத்து வைத்தால் இருளே எஞ்சும். ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னும் வைத்தபோதோ மங்கிய ஒளி தெரிந்தது! புகுந்த ஒளியில் இல்லாத நிறம் நீர்மத்துள்ளேயே தோன்றியிருத்தல் வேண்டும் என்பது தெளிவாயிற்று. ஏறத்தாழ 60 நீர்மங்களில் இதனைக் கண்டு, இருவர் பெயராலும் எழுதிய மடல் 1928 மார்ச்சு 31ஆம் நாள் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய அளவில் ஒளியை மாற்றுகின்றது; அம்மாற்றமே அதன் அடையாளம். இன்று மருந்துப்பொடியை உறை பிரிக்காமலே இன்னதெனக் காட்டும் கைக்கருவி வரை, அனைத்தும் அந்த இரண்டு கண்ணாடிகளின் வழித்தோன்றல்களே.

இதில் நாம் கொள்ளவேண்டிய பாடம் ஒன்றுண்டு. அக்கருவியில் மறைந்திருந்த உறுப்பு ஒன்றுமில்லை. இற்றைக் கருவியோ மூடிய பெட்டி. மாணவன் பொத்தானை அழுத்துகின்றான், எண் வருகின்றது, ஏட்டில் எழுதுகின்றான். அவ்வெண் எவ்வாறு வந்தது என்று கேட்டால் வாய் மூடி நிற்கின்றான். இவன் ஆசிரியனானால் இவனிடம் கற்கும் பிள்ளைகளின் நிலை என்னாம்? ஆதலின் உங்கள் முதற்கடமை, பெட்டியைத் திறந்து காட்டுவதே.

எங்ஙனம்? விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. ஓர் அட்டைப்பெட்டி, செந்நிறச் சிறுவிளக்கு, ஒரு கண்ணாடிக் குவளை, ஒளியளக்கும் கைப்பேசி, சிறிது மயில்துத்தம் இவை போதும். முதலில் வெறும்நீரை வைத்து அளந்து, அதனை 100 எனக் கொள்ளுங்கள். பின் செறிவறிந்த கரைசல்களை ஒன்றன்பின் ஒன்றாக வையுங்கள். 'நீலக் கரைசலுக்குச் செவ்வொளி ஏன்?' என்று மாணவனைக் கேளுங்கள். நீலம் ஊடுருவிச் செல்வதாலன்றோ அது நீலமாகத் தெரிகின்றது? அது உறிஞ்சுவது செம்மையை. உறிஞ்சப்படும் ஒளியாலன்றோ அளத்தல் கூடும்?

ஒரு கரைசல் 50 பங்கு ஒளியை விடுகின்றது எனில், செறிவை இருமடங்காக்கினால் எத்துணை வரும்? ஒன்றும் வாராது என்பான் மாணவன். 25 வரும்; மும்மடங்காக்கினால் பன்னிரண்டரை. ஒவ்வொரு படியிலும் எஞ்சியதிற் பாதியே குறைகின்றது. இதனை உணர்ந்தவனுக்குப் பியர்-இலாம்பெர்ட்டு நெறி மனப்பாடமன்று, கண்ட உண்மை. பெட்டியின் இடுக்கில் வேற்றொளி புகுந்தால் நேர்கோடு வளையும். அவ்வளைவை மறைக்க விடாதீர்கள். கருவியை ஐயுறக் கற்பதே பகுப்பாய்வின் உயிர்நிலை.

இஃது ஏட்டுக் கல்வி மட்டுமன்று. நம் மாவட்டத்துச் சிவகாசியை எண்ணிப் பாருங்கள். வெடியின் பச்சைச் சுடர் பேரியத்தால் வருவது. சிவப்பு சிட்ரான்சியத்தால் வருவது. 2018இல் உச்ச நீதிமன்றம் பட்டாசுகளில் பேரிய உப்புகளைத் தடை செய்தது. பசுமை கண்டவுடன் பேரியம் எனக் கூறிவிடலாமா? செம்பும் பசுஞ்சுடர் காட்டுமே! சோடியத்தின் மஞ்சளொளி பிற நிறங்களை மறைத்துவிடுமே! கண் மயங்கும் இடத்தில் நிறமாலை பிரித்துக் காட்டும். எத்துணை உளது என்பதையும் கருவியே சொல்லும். இங்கு ஒரு தவறான எண், தொழிலாளர் குடும்பத்தின் உலையை அணைத்துவிடும். அல்லது, நச்சுப்புகையை ஊர்மேல் ஏவிவிடும். அதனை அளப்பவன் நாளை உங்கள் வகுப்பிலிருந்தே வருவான்.

இனி மொழி பற்றி ஒரு சொல். அமெரிக்க மருத்துவர் கிரீன், 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்தில் மருத்துவத்தைத் தமிழில் பயிற்றுவித்தார். அவர் முயற்சியால் 1875இல் வந்த வேதியியல் நூலின் பெயர் 'கெமிஸ்தம்'. அயலார் ஒருவர் அன்று தொடங்கிய பணியை, 'வேதியியல்' என்னும் சொல்லும் பிற கலைச்சொற்களும் பெற்றுவிட்ட நாம் தொடர அஞ்சுவது தகுமா? 'அப்சார்பன்சு' என ஒப்பிப்பவன் ஒலியை அறிவான்; 'உறிஞ்சளவு' என்பவன் சொல்லிலேயே பாதிப் பொருளை அறிவான். ஆயினும் சொல்லை மட்டும் மாற்றிப் பொருளை விளக்காது விடுவதும் குற்றமே. ஆங்கில நூல்களையும் ஆழ்ந்து கற்றுக்கொள்ளுங்கள். கற்றதைத் தாய்மொழியில் விளக்கிக் காட்டுங்கள். தன் தாயிடம் விளக்கவியலாத பாடத்தை மாணவன் இன்னும் கற்கவில்லை என்றே கொள்ளுங்கள்.

தோழர்களே! பெட்டியின் மூடியும் மொழியின் மூடியும் ஒருங்கே திறக்கப்படல் வேண்டும். வினவும் பிள்ளைக்கு விடையளிக்க, உங்கள் உணவு வேளையையும் ஈந்திடுங்கள். வத்திராயிருப்பு ஒரு கிருட்டிணனை ஈன்றது. புதுப்பட்டியின் பிள்ளைகள் எதிற் குறைந்தவர்?

வாழ்க தமிழ்! வளர்க அறிவியல்!