எஸ்.எல்.ஆர்., இன்சாஸ்: ரெண்டையும் சுட்டவன் சொல்றேன்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

தொண்டிப் பக்கத்துல இருந்து ஒரு அக்கா குரல் பதிவு அனுப்பியிருந்தாங்க. அவங்க மகன் ஆயுதப்படையில சேர்ந்து, முதல் தடவையா ஃபயரிங் போயிட்டு வந்திருக்கான். தோள்பட்டை கன்னிப் போயிருக்கு. "எஸ்.எல்.ஆர். உதைக்குதும்மா, இன்சாஸ் குடுத்திருந்தா நல்லா சுட்டிருப்பேன்"னு சொல்றானாம். உண்மையிலேயே எது நல்ல துப்பாக்கின்னு கேட்டிருக்காங்க. ராணுவத்துல ரெண்டையும் தோள்ல போட்டவன்கிற முறையில இன்னைக்கு அதைப் பத்திப் பேசுறேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். இந்த ரெண்டுமே சாதாரண லைசென்ஸ்ல வீட்டுல வச்சுக்க முடியாத ஆயுதம். சட்டப்படி தடை செய்யப்பட்ட ரகம். அதனால "எங்க வாங்கலாம்"னு யாரும் மெசேஜ் போடாதீங்க.

செமி ஆட்டோமேட்டிக்னா என்ன? விசையை ஒரு தடவை அழுத்தினா ஒரு குண்டு போகும். காலி கேஸ் தானா வெளிய விழும், அடுத்த தோட்டா தானா ஏறும். ஆனா அடுத்த குண்டு போகணும்னா விரலை விட்டுட்டுத் திரும்ப அழுத்தணும். எஸ்.எல்.ஆர்.ங்கிற பேரே செல்ஃப் லோடிங் ரைஃபிள்தான். இன்சாஸ்ல இதுக்கு மேல ஒரு வசதி உண்டு, மூணு குண்டு சேர்ந்தாப்ல போற பர்ஸ்ட். ஆனா ரேஞ்சுல பெரும்பாலும் ஒவ்வொண்ணாத்தான் சுடுவோம். அதனால ரெண்டையும் ஒரே தராசுல வைக்கலாம்.

எஸ்.எல்.ஆர். பெல்ஜியத்தோட ஃபால் துப்பாக்கி வம்சம். 1962 சீனப் போர்ல நம்ம ஆட்கள் கையில இருந்தது ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டிய .303. அந்த அடிக்கு அப்புறம் இஷாப்பூர் தொழிற்சாலையில செஞ்சு பரவலா கைக்கு வந்ததுதான் இந்த 1ஏ1. நீளம் 1.14 மீட்டர். காலியா இருந்தாலே நாலு கிலோவுக்கு மேல. இன்சாஸ் 90-கள்ல வந்தது. நம்ம திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலயும் தயாரானது. நீளம் 96 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக் குட்டை. எடை பெருசா வித்தியாசம் இல்ல, நாலு கிலோ சொச்சம்தான். எடை கம்மின்னு சொல்றவங்க தோட்டாவையும் சேர்த்துச் சொல்றாங்க. எஸ்.எல்.ஆர். தோட்டா நூறு எடுத்தா சுமார் 2.4 கிலோ, இன்சாஸ் தோட்டா நூறு அதுல பாதி.

நான் சேர்ந்தப்போ எஸ்.எல்.ஆர். தான். சில வருஷம் கழிச்சு இன்சாஸுக்கு மாறுறப்ப, ஒரே வாரத்துல ரெண்டையும் மாத்தி மாத்திச் சுட வாய்ப்பு கிடைச்சுது. படுத்து, பட்டை தோள் குழியில உட்கார்ந்து, மூச்சை விட்டு, பாதியில நிறுத்தி அழுத்துறோம். எஸ்.எல்.ஆர். வெடிச்சா தோள், தாடை, பல்லு எல்லாத்துக்கும் சேதி போகும். இன்சாஸ்ல சத்தம் சுள்ளுன்னு இருக்கும், உதை லேசா ஒரு தட்டு. ஏன்னா, எஸ்.எல்.ஆர். குண்டு 9 கிராமுக்கு மேல, விநாடிக்கு சுமார் 840 மீட்டர் வேகம். இன்சாஸ் குண்டு 4 கிராம், வேகம் 900 மீட்டர். கணக்குப் போட்டா குழாய் வாயில எஸ்.எல்.ஆர். குண்டோட சக்தி இன்சாஸை விட ரெண்டு மடங்கு. அந்த ரெண்டு மடங்குக்குத் தோள்தான் விலை கொடுக்கணும்.

ஆனா தோள் கன்னிப் போறதுக்கு முழுப் பழியும் துப்பாக்கி மேல போட முடியாது. புதுசா வர்ற பசங்க பயத்துல பட்டையைத் தோள்ல ஒட்ட மாட்டாங்க, ஒரு விரக்கடை இடைவெளி விடுவாங்க. அந்த இடைவெளியிலதான் அது ஓடி வந்து இடிக்கும். இன்னொண்ணு, விசையை அழுத்துறதுக்கு ஒரு கண நேரம் முன்னாடியே கண்ணை மூடி, தோளை முன்னால தள்ளிடுவாங்க. குண்டு தரைக்குப் போயிடும். எங்க உஸ்தாத் ஒரு வேலை செய்வார். மேகசின்ல நமக்குத் தெரியாம நடுவுல ஒரு டம்மி ரவுண்டு வச்சுடுவார். அது வர்றப்ப வெடிக்காது, ஆனா குழாய் மட்டும் குபுக்னு கீழ சாயும். பக்கத்துல நின்னு பார்க்கிறவன் சிரிப்பான். உஸ்தாத் சிரிக்க மாட்டார். அக்கா, தம்பிகிட்ட இதைச் சொல்லுங்க. பயிற்சி குடுக்கிறவர்கிட்ட டம்மி வச்சுப் பார்க்கச் சொல்லிக் கேட்கட்டும். பத்து ரவுண்டுல தெரிஞ்சுடும், கோளாறு துப்பாக்கியிலயா தோள்லயான்னு.

சரி, குறி. நூறு மீட்டர்ல புதுப் பசங்களோட குரூப்பிங் இன்சாஸ்ல உடனே சுருங்கும். அதை நான் கண்ணால பார்த்தேன். பழகின ஆளுக்கு முந்நூறு மீட்டர்ல எஸ்.எல்.ஆர். தான் நிதானம். இன்சாஸ் குண்டு சின்னது, காத்து தூக்கிட்டுப் போயிடும்னு ஒரு பேச்சு உண்டு. நம்ம கரையில ஆடி மாசக் கச்சான் அடிக்கிறப்ப சுட்டா என்ன ஆகும்? மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்துல குறுக்குக் காத்துன்னு வைங்க. முந்நூறு மீட்டர்ல எஸ்.எல்.ஆர். குண்டு ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவா விலகும். இன்சாஸ் குண்டு ஒரு சாண் விலகும். அவ்வளவுதான் வித்தியாசம். காத்து பார்க்கத் தெரியாதவனுக்கு ரெண்டும் தப்பும். இந்த விஷயத்துல பாம்பன் மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு மத்தவங்களை விட அனுகூலம் உண்டு. கன்னத்துல படுற காத்தை வச்சே கச்சானா கொண்டலான்னு அவனுக்குத் தெரியும்.

உப்பும் மணலும் வேற கதை. மண்டபத்துல ஒரு வாரம் வெளிய நிறுத்தின சைக்கிள் செயினை நினைச்சுக்கோங்க. எஸ்.எல்.ஆர். இறுக்கமாப் பொருந்தின யந்திரம், மணல் பிடிக்காது. இஸ்ரேல் ராணுவம் பாலைவனத்துல ஃபால் வச்சுப் பட்ட பாட்டுக்கு அப்புறம்தான் கலில்னு ஏ.கே. வம்சத்துத் துப்பாக்கி செஞ்சாங்க. இன்சாஸ் உள்ளமைப்பும் ஏ.கே. வழிதான், அதனால தூசியைக் கொஞ்சம் தாங்கும். ஆனா அதோட பிளாஸ்டிக் மேகசின் 1999 கார்கில் குளிர்ல விரிசல் விட்டதுன்னு புகார் வந்துச்சு. குண்டு சிக்கிக்குதுன்னும் புகார். நம்ம வெயில்ல விரிசல் பிரச்சினை இல்ல. ஆனா துடைக்காம வச்சா ரெண்டும் ஒண்ணுதான்.

இதுவரைக்கும் ரேஞ்சுல கிடைக்கிற பதில். ரேஞ்சுங்கிறது வெட்டவெளி. எதிர்ல மண்மேடு, நடுவுல மறைப்பு இல்ல. அங்க எஸ்.எல்.ஆர். ஜெயிக்கும். அரிச்சல்முனையில நின்னு பார்த்தா அந்தப் பக்கம் சுமார் 30 கிலோமீட்டர்ல தலைமன்னார். 1987-ல நம்ம அமைதிப்படை இலங்கை போனப்ப பெரும்பாலான சிப்பாய்கள் கையில இந்த எஸ்.எல்.ஆர். தான். அறுநூறு வரைக்கும் குறி வைக்கிற துப்பாக்கி. ஆனா யாழ்ப்பாணத்து ஒழுங்கையில, ரெண்டு பக்கமும் பனையோலை வேலி, முப்பது அடி தள்ளி என்ன இருக்குன்னு தெரியாது. நம்ம கடலோரக் கிராமத்துச் சந்து மாதிரியேதான். அந்த இடத்துல நீளமான குழாயைத் திருப்புறதுக்குள்ள எதிர்ல ஏ.கே. சரசரன்னு கொட்டிடும். எங்களுக்கு மூத்தவங்க சொன்னதெல்லாம் இதுதான்: "குறி தப்பலடா, நேரம்தான் தப்புச்சு." 1990 மார்ச்சுல படை திரும்பினப்ப ஆயிரத்துக்கும் மேல சிப்பாய்கள் உயிரோட இல்ல. துப்பாக்கி மட்டும் காரணம்னு நான் சொல்ல மாட்டேன், அது நேர்மை இல்ல. ஆனா அந்த அனுபவத்துக்கு அப்புறம்தான் கிழக்கு ஐரோப்பாவுல இருந்து ஏ.கே. ரகம் வாங்கினாங்க, இன்சாஸுக்கும் அவசரம் வந்துச்சு.

இப்ப அக்காவோட மகன். அவன் எல்லைக்குப் போகப் போறதில்ல. திருவிழா, ஊர்வலம், மறியல்னு நிக்கப் போறான். 2011 செப்டம்பர் 11 பரமக்குடி இந்த மாவட்டத்துல யாருக்கும் மறக்காது. 2018 மே மாசம் தூத்துக்குடியில துப்பாக்கிச் சூட்டுல 13 பேர் போனாங்க. அங்க எஸ்.எல்.ஆர். பயன்பட்டுச்சு. அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை 2022-ல சட்டசபைக்கு வந்தது. பின்பக்கம் குண்டு பட்டவங்க இருந்ததையும் அது பதிவு செஞ்சிருக்கு.

ரேஞ்சுல நாம சுடுற ஃபிகர் லெவன் ஒரு ஆள் உருவம். நடு நெஞ்சுல பட்டாத்தான் மார்க். வருஷக்கணக்கா கை அதுக்குப் பழகுது. ரோட்டுல வந்து திடீர்னு முழங்காலுக்குக் கீழ சுடுன்னா, பயந்துபோன 23 வயசுப் பையன் கை எங்க போகும்? எஸ்.எல்.ஆர். குண்டு ஒருத்தர் உடம்போட நின்னுடும்னும் சொல்ல முடியாது. துளைச்சுக்கிட்டு பின்னால கடை வாசல்ல நிக்கிறவர் வரைக்கும் போகும். இன்சாஸ் குண்டும் உயிரை எடுக்கும், அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா கூட்டத்துக்கு முன்னால போர்க்களத் தோட்டாவே கூடாதுங்கிறது என் கட்சி. ரெண்டுல ஒண்ணுதான்னு கட்டாயப்படுத்தினா முதல்ல எஸ்.எல்.ஆரை எடுத்துக் கிட்டங்கியில பூட்டுங்கன்னு சொல்வேன். ரேஞ்சுல எனக்குப் பிடிச்சது அதுதான். இருந்தாலும் சொல்றேன்.

கடைசியா ஒரு வேடிக்கை. இன்சாஸ் குண்டு போதலைன்னு ராணுவத்துக்குள்ளயே பேச்சு இருந்துச்சு. 2019-ல அமெரிக்காவோட சிக் சாவர் 716 துப்பாக்கி 72,400 வாங்க ஒப்பந்தம் போட்டாங்க. அதுக்கு என்ன தோட்டா தெரியுமா? 7.62 க்கு 51. பழைய எஸ்.எல்.ஆர். தோட்டாவேதான். மலையிலயும் எல்லையிலயும் தூரம் வேணும்னு அங்க கேட்கிறாங்க, அது நியாயம்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கான பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பத்திப் பேசலாம். அதுல தோள் கன்னாது. கேள்வி இருந்தா குரல் பதிவா அனுப்புங்க.